கொடுப்பது தயவா, கடமையா?



நிலாவெளி, குச்சவெளி, திரியாய், தென்னமரவாடி என நீளும் எமது கரையோரக் கிராமங்களில் ஒரு சொல் எல்லா வீடுகளிலும் புழங்குகிறது. அது ‘நிவாரணம்’ என்ற சொல். யுத்த காலத்தில் முகாம்களில் அளந்து கொடுத்த உலர் உணவு, 2004 டிசம்பர் 26ஆம் திகதி ஆழிப்பேரலைக்குப் பின் வந்து குவிந்த பொருட்கள், மீள்குடியேற்றத்தின்போது கிடைத்த தகரமும் தறப்பாளும், 2022 பொருளாதார நெருக்கடியில் பகிர்ந்த பொதிகள் என்று இந்தச் சொல்லுக்கு எம்மிடையே நீண்ட வரலாறு உண்டு. தகப்பன் வாங்கிய அதே அட்டையுடன் மகனும் வரிசையில் நின்ற குடும்பங்கள் இங்கே பல.

இந்த நீண்ட பழக்கத்தால் எம்மவர் மனதில் இரண்டு எண்ணங்கள் வேரூன்றிவிட்டன. ஒன்று வெட்கம்: ‘வயல் விதைத்து ஊருக்குச் சோறு போட்ட நாங்கள் கைநீட்டிப் பிழைக்க வேண்டியதாயிற்றே’ என்பது. மற்றது இதற்கு நேரெதிரானது: ‘தருவது அவர்கள் வேலை, வாங்குவது எங்கள் வேலை’ என்பது. முதலாவது எண்ணம் மனிதரைக் குனிய வைக்கிறது. இரண்டாவது எண்ணம் அவரை எழும்பவிடாமல் செய்கிறது. ஆனால் இரண்டுக்கும் அடியில் இருப்பது ஒரே தவறான கருத்துத்தான். கொடுப்பது கொடுப்பவரின் தயவு என்பதே அந்தக் கருத்து.

இக்கருத்தை வேரோடு மறுக்கும் ஒரு பழைய மரபு உண்டு. அது யூத மக்களின் மரபு. எம் ஆண்டவர் இயேசு யூதராகப் பிறந்து, யூதராக வளர்ந்து, யூதருடைய சட்டத்தைக் கற்றவர். அன்னை மரியாளும் திருத்தூதர்களும் அப்படியே. 1965ஆம் ஆண்டு இரண்டாம் வத்திக்கான் பொதுச்சங்கம் இந்த உறவைத் தெளிவாக நினைவூட்டியது. ஆகவே இது எமக்கு அந்நியரின் சரக்கல்ல. அதோடு, கொடுத்தல் பற்றிய யூதச் சட்டங்களில் பழமையானவை வயலில், அறுவடைக் களத்தில் பிறந்தவை. அவற்றை வகுத்துக் காத்தவர்களும் மீண்டும் மீண்டும் ஊரிழந்த மக்களே. எமது குடும்பங்களுக்கு இதைவிட நெருக்கமான பாடம் வேறெது?

ஒரே சொல்லில் அறமும் ஈகையும்

எபிரேய மொழியில் ஏழைக்குக் கொடுப்பதற்கு ‘செதாக்கா’ என்று பெயர். இச்சொல்லின் வேர் ‘செதெக்’, அதாவது நீதி. இரக்கம், பரிவு என்பவற்றுக்கு எபிரேயத்தில் வேறு சொற்கள் உண்டு. ஆனால் ஏழைக்குரியதை ஏழைக்குச் சேர்ப்பதற்கு அம்மக்கள் தெரிந்தெடுத்த சொல் நீதியைச் சார்ந்தது. கொடுத்தவர் நல்லவர் எனப் புகழப்பட வேண்டியதில்லை, அவர் செலுத்த வேண்டியதைச் செலுத்தினார். கொடாதவரோ கஞ்சர் என்பதோடு முடிவதில்லை, அவர் நீதி தவறியவர்.

தமிழருக்கு இது புதிதல்ல. எமது மொழியில் ‘அறம்’ என்ற சொல் நீதிநெறியையும் குறிக்கிறது, ஏழைக்குச் செய்யும் கொடையையும் குறிக்கிறது. அறக்கட்டளை, அறச்சாலை என்று நாம் சொல்லும்போது இந்த இரண்டாம் பொருளையே எடுக்கிறோம். நிலாவெளியிலும் இறக்கக்கண்டியிலும் வாழும் எமது முஸ்லிம் சகோதரர் ‘சதக்கா’ என்று சொல்லும் அரபுச் சொல்லும் எபிரேயச் செதாக்காவும் ஒரே வேரில் முளைத்தவை. அவர்களது ‘ஸகாத்’ முறையில் மழையை நம்பிய விளைச்சலில் பத்தில் ஒன்றும், செலவழித்து நீர் பாய்ச்சிய விளைச்சலில் இருபதில் ஒன்றும் ஏழைக்குரியது. ஒரே கடற்கரையில் வாழும் மூன்று சமயத்தவருக்கும் இந்த ஒரு கருத்துப் பொது: ஏழையின் பங்கு ஏழையின் உரிமை.

வயலின் ஓரமும் விழுந்த கதிரும்

மோசேயின் சட்டம் விவசாயியிடம் கேட்பது இதுதான். வயலின் ஓரத்தை அறுக்காதே. அறுக்கும்போது கைதவறி விழுந்த கதிரைப் பொறுக்காதே. மறந்துவிட்டு வந்த கட்டை எடுக்கத் திரும்பிப் போகாதே. இவை ஏழைக்கும், விதவைக்கும், அநாதைக்கும், ஊர்விட்டு ஊர்வந்த அந்நியனுக்கும் உரியவை. லேவியர் நூலின் 19ஆம் அதிகாரத்திலும் இணைச்சட்டத்தின் 24ஆம் அதிகாரத்திலும் இதைக் காணலாம். நீயும் ஒருகாலம் எகிப்தில் அடிமையாய் இருந்தாய் என்பதே சட்டம் சொல்லும் காரணம்.

ஏறத்தாழக் கி.பி. 200இல் தொகுக்கப்பட்ட மிஷ்னா என்ற யூதச் சட்ட நூலில், வயலோரம் பற்றி ஒரு தனிப் பகுதியே இருக்கிறது. ஓரம் என்றால் எவ்வளவு? அறுபதில் ஒரு பங்குக்குக் குறையக் கூடாது. வயலின் பரப்பையும், ஏழைகளின் தொகையையும், விளைச்சலையும் பார்த்துக் கூட்டிக் கொடுக்க வேண்டும். விழுந்த கதிர் எத்தனை என்றால் ஏழைக்குரியது? ஓரிடத்தில் இரண்டு கதிர் விழுந்தால் ஏழைக்கு, மூன்று விழுந்தால் உடையவருக்கு. இவ்வளவு நுணுக்கமா என்று நகரவாசி சிரிக்கலாம். வரம்பில் ஒரு முழத்துக்காக ஆண்டுக்கணக்கில் வழக்காடிய எமக்குச் சிரிப்பு வராது. உரிமை என்றால் அளவு இருக்க வேண்டும். அளவில்லாத உரிமை, பலமுள்ளவன் போட்டதே கணக்காகிவிடும்.

யூத மரபில் இன்னும் இரண்டு விதிகள் எமது கிராமங்களில் அனைவரும் அறிய வேண்டியவை.

முதலாவது: வயல் உடையவர் ஓர் ஏழையைப் பொறுக்கவிட்டு மற்றவரைத் தடுத்தாலோ, அவர்களில் ஒருவருக்கு மட்டும் துணைசெய்தாலோ, அவர் ஏழைகளிடமிருந்து களவெடுத்தவர் ஆவார். பொருள் அவருடைய வயலில் விளைந்ததுதான். ஆயினும் யாருக்குக் கொடுப்பது என்று தெரிவுசெய்யும் அதிகாரம் அவருக்கு இல்லை. இங்கே ‘பயனாளிகள் பட்டியல்’ எப்படித் தயாராகிறது என்பதை எண்ணிப் பாருங்கள். உறவினரா, கட்சிக்காரரா, சங்கத் தலைவருக்கு வேண்டியவரா என்று பார்த்து எழுதப்படும் ஒவ்வொரு பெயரும், இந்தச் சட்டத்தின்படி ஒரு களவு. ஆதித் திருச்சபையிலும் இந்தச் சிக்கல் எழுந்தது. அன்றாடப் பங்கீட்டில் கிரேக்க மொழி பேசிய விதவைகள் கவனிக்கப்படவில்லை என்று முறைப்பாடு வந்தபோது, திருத்தூதர்கள் அதை மூடிமறைக்கவில்லை. ஏழு பேரைத் தெரிந்து அப்பணியை ஒப்படைத்தார்கள். திருத்தூதர் பணிகள் 6ஆம் அதிகாரத்தைப் படித்துப் பாருங்கள்.

இரண்டாவது: ஏழைக்குரிய ஓரத்தை வயலின் கடைசிப் பக்கத்திலேயே விட வேண்டும். ஏன்? அப்போதுதான் உடையவர் ஆளில்லாத நேரம் பார்த்துத் தன் உறவினருக்கு அள்ளிக்கொடுக்க முடியாது. ஏழையும் ‘இப்போது கொடுப்பாரோ, பிறகு கொடுப்பாரோ’ என்று நாள் முழுதும் வேலி ஓரத்தில் காத்திருக்கத் தேவையில்லை. ஏழையின் நேரத்துக்கும் பெறுமதி உண்டு என்று நினைத்துச் செய்த சட்டம் இது. பத்து மணிக்கு வரும் விருந்தினருக்காகக் காலை ஆறு மணி முதல் தாய்மாரைக் கைக்குழந்தைகளோடு வெயிலில் இருத்திவைக்கும் எந்த நிறுவனமும், அரச நிறுவனமோ திருச்சபை நிறுவனமோ, இச்சட்டத்தின் முன் பதில் சொல்ல வேண்டும்.

ரூத்து பொறுக்கிய கதிரும் நகோமியின் காணியும்

விவிலியத்தில் ரூத்து நூல் ஓர் இடப்பெயர்வின் கதை. பெத்லகேமில் பஞ்சம் வந்ததால் நகோமியின் குடும்பம் மோவாபு நாட்டுக்குப் போகிறது. அங்கே கணவனும் இரு ஆண்மக்களும் இறந்துவிட, நகோமி தன் மருமகள் ரூத்தோடு வெறுங்கையாய் ஊர் திரும்புகிறாள். ரூத்து வேற்றினப் பெண். போவாசின் வயலில் வாற்கோதுமை அறுவடை தொடங்கி, கோதுமை அறுவடை முடியும்வரை கதிர் பொறுக்கி மாமியாருக்குச் சோறு போடுகிறாள். வேண்டுமென்றே சில கதிர்களை உருவி விடும்படி போவாசு வேலையாட்களுக்குச் சொல்கிறார்.

பல பிரசங்கங்கள் இவ்விடத்தோடு நின்றுவிடும். ஆனால் நூல் இங்கே முடியவில்லை. நான்காம் அதிகாரத்தில் போவாசு ஊர் வாசலுக்குச் சென்று, ஊர்ப் பெரியவர் பத்துப் பேரை இருத்தி, அவர்கள் சாட்சியாக நகோமியின் குடும்பக் காணியை மீட்டெடுக்கிறார். கதிர் அந்தப் பருவத்தின் பசியைத் தீர்த்தது. காணி மீண்டபின்தான் அக்குடும்பம் ஊரில் குடும்பமாக நின்றது. அந்த வழியில்தான் தாவீதும், பின்னர் எம் ஆண்டவரும் பிறக்கிறார்கள்.

இதில் எமக்குரிய பாடம் தெளிவானது. பொதி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பசித்தவருக்கு முதலில் சோறுதான். ஆனால் காணியின் இடத்தைப் பொதி ஒருபோதும் நிரப்பாது. தென்னமரவாடி மக்கள் 1984 டிசம்பரில் ஊரைவிட்டு வெளியேறினர். 2010க்குப் பிறகே திரும்பத் தொடங்கினர். சம்பூர் மக்கள் 2006இல் இடம்பெயர்ந்தனர். அவர்களுடைய 818 ஏக்கர் முதலீட்டு வலயத்துக்கென எடுக்கப்பட்டு, 2015இலேயே விடுவிக்கப்பட்டது. கடற்படை முகாம் இருந்த காணி 2016இல் கையளிக்கப்பட்டது. அந்தப் பத்து ஆண்டுகளில் அவர்களுக்கு எத்தனையோ பேர் உதவினர். ஆனால் அவர்கள் ஓயாமல் கேட்டது ஒன்றைத்தான், சொந்தக் காணியை. யூதச் சட்டமும் ஏழைக்குக் கதிரை விட்டதோடு நில்லாமல், ஐம்பதாவது ஆண்டாகிய யூபிலி ஆண்டில் விற்றுப்போன காணி உரிய குடும்பத்துக்கே திரும்ப வேண்டும் என்று விதித்தது. ஈகையும் காணி நீதியும் அங்கே ஒரே சட்டத்தின் இரு பக்கங்கள்.

எமக்கு அருகிலேயே ஒரு சான்று உண்டு. கேரளத்துக் கொச்சியில் யூதர் பல நூற்றாண்டுகள் வாழ்ந்தனர். ஏறத்தாழக் கி.பி. 1000இல் பாஸ்கர ரவிவர்மன் என்ற மன்னன் யோசேப்பு ரப்பான் என்ற யூதத் தலைவருக்கு உரிமைகள் வழங்கிய செப்பேடுகள், தமிழருக்கும் பழக்கமான வட்டெழுத்தில் பொறிக்கப்பட்டவை. 16ஆம் நூற்றாண்டில் கொடுங்கல்லூரிலிருந்து அவர்கள் அகதிகளாக வந்தபோது, கொச்சி அரசர் தம் அரண்மனைக்கு அருகிலேயே அவர்களுக்கு இடம் கொடுத்தார். 1568இல் கட்டிய அவர்களது செபக்கூடம் இன்றும் அங்கே நிற்கிறது. அந்த இந்து மன்னர் அகதிகளுக்குக் கொடுத்தது நிற்கவும் வாழவும் நிலம். அதனால்தான் அவர்கள் நானூறு ஆண்டுகள் தலைநிமிர்ந்து வாழ முடிந்தது.

இருவர் சேர்க்க, மூவர் பகிர

யூதர் ஊர்களில் ஏழைகளுக்கென ஒரு பொதுநிதி இருந்தது. கிழமைக்கு ஒருமுறை சேர்த்து, கிழமைக்கு ஒருமுறை பகிர்ந்தார்கள். பசியோடு வந்த வழிப்போக்கருக்கு நாள்தோறும் உணவு கொடுக்க வேறோர் ஏற்பாடும் இருந்தது. இந்த நிதியைச் சேர்க்க இருவருக்குக் குறையாமல் போக வேண்டும். பகிர்வதற்கு மூவர் வேண்டும். ஏன் மூவர்? பணவழக்கைத் தீர்க்கும் நீதிமன்றத்தில் மூவர் இருப்பதால், ஏழைக்கு எவ்வளவு என்று முடிவுசெய்வதும் ஒரு தீர்ப்பே என்று கருதினார்கள்.

எமது கிராம அபிவிருத்திச் சங்கங்களும், மாதர் சங்கங்களும், எமது பங்குச் சபைகளும் இதைச் சட்டகமாக எடுத்து மாட்டி வைக்கலாம். ஒருவர் தனியாகச் சேர்த்து, தனியாகவே பகிர்ந்து, கணக்கையும் தானே எழுதும் இடத்தில், அவர் எவ்வளவு நேர்மையானவராக இருந்தாலும் சந்தேகம் முளைக்கும். சந்தேகம் முளைத்த ஊரில் அடுத்த முறை ஒருவரும் கொடார்.

யார் இந்த நிதியிலிருந்து பெறலாம் என்பதற்கும் அளவு வைத்தார்கள். அதே வேளை, உதவி கேட்டு வந்தவரைப் பார்த்து ‘முதலில் உன் வீட்டை விற்று வா, பாவனைப் பொருட்களை விற்று வா’ என்று சொல்லக் கூடாது எனவும் விதித்தார்கள். நீர் இறைக்கும் இயந்திரம் ஒன்று வீட்டில் இருப்பதால் ‘இவருக்கு வசதி உண்டு’ என்று பட்டியலிலிருந்து வெட்டப்படும் வெங்காயச் செய்கைக்காரர் எத்தனை பேர்! அந்த இயந்திரத்தை விற்றால் அவர் அடுத்த போகத்தில் நிரந்தர ஏழை.

எட்டுப் படிகள்

மோசே மைமோனிடஸ் என்ற யூத அறிஞர் 1138இல் ஸ்பானியாவின் கோர்தோபா நகரில் பிறந்தார். சிறுவயதிலேயே சமயத் துன்புறுத்தலால் குடும்பத்தோடு ஊரைவிட்டு ஓடி, கடைசியில் எகிப்தில் குடியேறி, மருத்துவராகப் பணிசெய்து 1204இல் மறைந்தார். இடம்பெயர்ந்தவரின் நிலையைத் தன் வாழ்வில் அறிந்த அவர், கொடுத்தலை எட்டுப் படிகளாக வகுத்தார்.

அடிப்படியில் நிற்பவர் மனமில்லாமல் கொடுப்பவர். அதற்கு மேல், குறைவாயினும் முகமலர்ச்சியோடு கொடுப்பவர். அதற்கு மேல், கேட்டபின் கொடுப்பவர். அதற்கும் மேல், கேட்குமுன் கொடுப்பவர். பின்னர் மறைவாகக் கொடுத்தல் வருகிறது: வாங்குபவருக்குக் கொடுத்தவரைத் தெரியும், கொடுத்தவருக்கு வாங்கியவரைத் தெரியாது, அதற்கு மேல், கொடுத்தவருக்குத் தெரியும், வாங்கியவருக்குத் தெரியாது, அதற்கும் மேல், இருவருக்குமே ஒருவரை ஒருவர் தெரியாது. இவை ஏழு. எல்லாவற்றுக்கும் உச்சியில் எட்டாவது படி: விழப்போகும் மனிதரின் கையைப் பிடித்து, அன்பளிப்பாகவோ கடனாகவோ கொடுத்து, அல்லது தொழிலில் பங்காளியாக்கி, அல்லது வேலை தேடிக்கொடுத்து, அவர் இனி எவரிடமும் கேட்கத் தேவையில்லாதபடி நிறுத்துதல்.

இந்த ஏணியை எமது ஊரில் சாத்திப் பார்ப்போம். ஒரு பொதி அரிசி கொடுக்கும்போது எத்தனை படம் பிடிக்கிறோம்! கட்டிக்கொடுத்த மலசலகூடத்தின் கதவிலும் கொடுத்தவரின் பெயர்ப்பலகை. பொதியை வாங்கும் தாய் தலைகுனிந்து நிற்கும் படம் உலகெங்கும் போகிறது. யூதர் மரபிலே ஒரு கதை சொல்வார்கள். மார் உக்பா என்ற அறிஞர் ஓர் ஏழையின் கதவடியில் நாள்தோறும் காசைப் போட்டுவிட்டுப் போவாராம். ஒருநாள் அந்த ஏழை யாரென்று பார்க்க வெளியே வர, அவர் வெட்கப்படாதிருக்கும்பொருட்டு மார் உக்பாவும் மனைவியும் ஓடிப்போய்ச் சூடு ஆறாத அடுப்புக்குள் ஒளிந்துகொண்டார்களாம். பிறர் முகத்தை வெட்கப்படுத்துவதைவிட நெருப்பு மேல் என்பது கதையின் கருத்து. வலக்கை செய்வது இடக்கைக்குத் தெரிய வேண்டாம் என்று எம் ஆண்டவர் மத்தேயு 6ஆம் அதிகாரத்தில் கற்பித்ததும் இதே நிலத்தில் விளைந்த கருத்தே. நன்கொடையாளருக்கு அறிக்கை அனுப்பத்தான் வேண்டும், கணக்கு வேண்டும், பற்றுச்சீட்டு வேண்டும். தாயின் முகம் வேண்டாம்.

வட்டியில்லாக் கடன்

உச்சிப்படியில் அன்பளிப்போடு கடனும் வைக்கப்பட்டிருப்பதைக் கவனியுங்கள். கடன் கொடுப்பது வாங்குபவரை நம்புவது. ஆனால் யூதச் சட்டத்தில் ஏழைக்குக் கொடுக்கும் கடனுக்கு வட்டி கிடையாது. ஏழாம் ஆண்டில் கடன்களைத் தள்ளிவிட வேண்டும் என்றும் இணைச்சட்டம் 15ஆம் அதிகாரம் கட்டளையிடுகிறது. இன்றும் பல நாடுகளில் யூதர் வட்டியில்லாக் கடன் சங்கங்களை நடத்துகின்றனர். நியூயோர்க்கில் அவ்வாறான சங்கம் 1892இல், புலம்பெயர்ந்து வந்த ஏழைகளுக்காகத் தொடங்கப்பட்டது.

எமது நிலை என்ன? நுண்கடன் என்ற பெயரில் வீட்டுவாசலுக்கு வந்த கடன், வடக்குக் கிழக்கில் எத்தனை பெண்களின் நித்திரையைப் பறித்தது என்பதை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 2018இல் மத்திய வங்கி நுண்நிதிக் கம்பனிகளின் வட்டிக்கு ஆண்டுக்கு 35 வீதம் என உச்சவரம்பு வைத்தது. அந்த உச்சவரம்பே இவ்வளவு என்றால், அதற்கு முன்னிருந்த நிலையை ஊகித்துக்கொள்ளலாம். 2021இல் ஹிங்குராக்கொடையில் கடன்பட்ட பெண்கள் வீதியோரத்தில் நாட்கணக்கில் அமர்ந்து சத்தியாக்கிரகம் செய்தனர். 2022 ஏப்ரலில் எமது நாடே வெளிநாட்டுக் கடன்களைச் செலுத்துவதை நிறுத்தி, கடன்காரரோடு பேசித் தவணை கேட்டது. நாடு தவணை கேட்கலாம். கிழமைக் கட்டுப்பணம் தவறிய விதவை கேட்கக் கூடாதா?

இங்கே ‘கைமாற்று’ என்ற நல்ல வழக்கம் எம்மிடம் இருந்தது. விதைநெல்லைக் கொடுத்து, அறுவடையில் அதே அளவு நெல்லைத் திரும்பப் பெறும் வழக்கம் அது. அதைச் சங்கமாக அமைத்தால் அதுவே சுழற்சி முறைக் கடன். பத்துக் குடும்பங்கள் சேர்ந்தால் போதும், ஒரு போகத்தின் விதைக்கும் பசளைக்கும் வெளியே கைநீட்டத் தேவையில்லை.

வாங்குபவரும் கொடுக்க வேண்டும்

இப்போது எம்மிற் சிலருக்குக் கோபம் வரக்கூடிய ஒரு விடயத்துக்கு வருகிறேன். யூத மரபின்படி, பிறர் உதவியில் வாழும் ஏழையும் தான் பெற்றதில் ஒரு பங்கைப் பிறருக்குக் கொடுக்கக் கடமைப்பட்டவர்.

‘எல்லாவற்றையும் இழந்தவர்கள் நாங்கள். எங்களைப் பார்த்தா கொடுக்கச் சொல்கிறீர்கள்?’ என்று நீங்கள் கேட்கலாம். கேள்வி நியாயமானது. ஆனால் இந்தச் சட்டத்தின் உட்பொருளைப் பாருங்கள். ஏழைக்கும் கடமை உண்டு என்று சொல்லும்போது, அவரும் மற்றவருக்குச் சமமான மனிதர் என்று சட்டம் ஒப்புக்கொள்கிறது. ‘உன்னிடம் எதையும் எதிர்பார்க்கவில்லை’ என்று ஒருவரிடம் சொல்வது இரக்கம்போலத் தோன்றும். உண்மையில் அதைவிடப் பெரிய அவமதிப்பு இல்லை.

எமது கத்தோலிக்க விவிலியத்திலுள்ள தோபித்து நூலின் நாயகர் ஓர் இடம்பெயர்ந்தவர். அசீரியர் அவரை நினிவே நகருக்குக் கொண்டுபோனார்கள். அங்கும் அவர் பசித்த தம் இனத்தாருக்கு உணவும், ஆடையற்றவருக்கு உடையும் கொடுத்தார். கேட்பாரற்றுக் கிடந்த பிணங்களை அடக்கம் செய்தார். அதனால் உடைமை யாவையும் இழந்தார். ஆயினும் தம் மகனுக்கு அவர் சொன்ன புத்திமதி, உன்னிடம் மிகுதியாக இருந்தால் மிகுதியாகக் கொடு, சிறிது இருந்தால் சிறிதாகக் கொடுக்க அஞ்சாதே என்பதே.

எம் தாய்மார் இதைப் படித்தறிந்து செய்தவர்களல்லர். உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியைத் தனிப் பானையில் போட்டுவைக்கும் பிடியரிசி வழக்கம் எமது ஆலயங்களிலும் கோவில்களிலும் நெடுங்காலம் இருந்தது. யூதர் வீடுகளில் காசு போட ஒரு சிறு பெட்டி வைத்திருப்பார்கள். பானையும் பெட்டியும் ஒன்றுதான்.

இங்கே ஓர் எச்சரிக்கையும் வேண்டும். ஏழைகள் ஒருவருக்கொருவர் உதவிக்கொள்கிறார்கள் என்பது, அரசும் வசதிபடைத்தவர்களும் தம் கடமையிலிருந்து தப்ப வழியாகிவிடக் கூடாது. பிடியரிசிப் பானை, காணி உறுதிக்குப் பதிலாகாது.

வேறொரு கேள்வியும் எழும். ‘காணியிழந்த பலஸ்தீன மக்களைப் பார்க்கும்போது, யூதரின் நீதியைப் பற்றி எப்படிப் பேசுகிறீர்கள்?’ என்று எமது அயலவர் கேட்கலாம். ஓர் அரசின் செயலையும் ஒரு சமயத்தின் மறையையும் நாம் ஒன்றாக்கக் கூடாது. தன் ஊருக்குத் திரும்ப முடியாத பலஸ்தீன விவசாயியின் துயரம் எமக்கு நன்றாகவே விளங்கும். அவருக்காக நியாயம் கேட்கவும் நான் மேலே சொன்ன சட்டமே போதும், ஏனெனில் அந்நியனையும் அது தன் வயலுக்குள் அழைக்கிறது. அதை உணர்ந்து அம்மக்களுக்காகக் குரல்கொடுக்கும் யூதரும் உண்டு. அமெரிக்க யூதர் 1914இல் அமைத்த கூட்டு உதவிக் குழு, 2004 ஆழிப்பேரலைக்குப் பின் இலங்கையிலும் வந்து பணிசெய்தது.

நாம் செய்யக்கூடியவை

எண்ணிப் பார்த்ததோடு நிற்காமல், வரும் பெரும்போகத்துக்கு முன் ஒவ்வொரு கிராமச் சங்கமும் கூடி இவற்றைப் பேசித் தீர்மானிக்கும்படி கேட்கிறேன்.

எந்த உதவி வந்தாலும் பயனாளிகள் பட்டியலைப் பொது இடத்தில் ஒட்டுங்கள். தெரிவுக்கான காரணங்களையும் அதில் எழுதுங்கள். பணத்தை இருவர் சேர்க்கட்டும், மூவர் பகிரட்டும். மூவரில் ஒருவராவது பெண்ணாக இருக்கட்டும்.

பொதி வாங்குவோரைப் படம்பிடிக்க வேண்டாம் என்று உதவ வருவோரிடம் மரியாதையோடு சொல்லுங்கள். அப்படிச் சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு.

அறுவடை இயந்திரம் வந்தபின் கதிர் பொறுக்க வயலில் எதுவும் மிஞ்சுவதில்லை. ஆகவே இக்காலத்து வயலோரம் களத்தில்தான் இருக்கிறது. அறுபது மூடை விளைந்தவர் ஒரு மூடையைச் சங்கத்தின் விதைநெல் களஞ்சியத்துக்குக் கொடுக்கட்டும். அது வயலில்லாக் குடும்பங்களுக்கும், வெள்ளத்தாலோ வறட்சியாலோ விதையிழந்தவர்களுக்கும் உரியதாகட்டும். வட்டியில்லாமல் போய் வரட்டும்.

காணி விடயத்தில் போவாசின் ஊர்ப் பெரியவர் பத்துப் பேரையும் நினைவில் கொள்ளுங்கள். உறுதி தொலைந்தவர், அனுமதிப்பத்திரம் எரிந்தவர், தகப்பன் பெயரில் இருந்ததை மாற்றாதவர் என எம்மில் பலர் உள்ளனர். இவருடைய காணி இன்ன எல்லைக்குள் இருந்தது, இன்ன ஆண்டுவரை இவர் விதைத்தார் என்று சாட்சி சொல்லக்கூடிய முதியவர்கள் ஒவ்வோர் ஆண்டும் குறைந்து வருகிறார்கள். அவர்கள் சொல்வதை இப்போதே எழுதி, கையொப்பம் பெற்று, பிரதிகளைப் பத்திரப்படுத்துங்கள். அயலவருக்காக பிரதேச செயலகம் வரை கூடப்போவதும், ஒரு விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுப்பதும் செதாக்காதான். அதற்குக் காசு வேண்டியதில்லை.

பெறுவதில் வெட்கம் வேண்டாம், அது உங்கள் பங்கு. கொடுப்பதில் பெருமையும் வேண்டாம், அது பிறர் பங்கு. இரண்டையும் நேராகச் செய்யும் ஊரில், காணியைக் கேட்டு நிற்கும் குரலுக்கும் பலம் கூடும்.